கம்மியர் பால் ரெவீர்

ஒருவருடைய நெடிய வாழ்நாள் முழுவதையும் ஓர் இரவே விழுங்கிவிடுதல் உலகில் உண்டு. அமெரிக்க நாட்டு வரலாற்றைச் சிறிதளவே பயின்றவரும், பால் ரெவீர் என்னும் பெயரைக் கேட்ட அளவில், நள்ளிரவில் விரையும் ஒரு குதிரையையும் ஆலயக் கோபுரத்தில் தொங்கும் இரண்டு லாந்தர்களையும் மனக்கண்ணாற் காண்பர். யாமும் பள்ளியிற் பயின்ற நாளில் ஆங்கிலச் செய்யுட் புத்தகத்தில் அவரைக் குதிரைமீதே கண்டோம். குதிரையினின்றும் இறங்கியபின் அவர் எங்கே சென்றார், எத்தொழில் செய்து உண்டார், எத்துணை மக்களை வளர்த்தார் என வினவும் எண்ணம் எமக்கு அன்று தோன்றிற்றில்லை. அவர் 83 ஆண்டுகள் வாழ்ந்தவர் என்பதையும், அவற்றுட் பெரும்பகுதியை உலைக்களத்தின் அருகே கையும் முகமும் கரிபடியக் கழித்தவர் என்பதையும் கல்லூரிக்கு வந்த பின்னரே அறிந்தோம். அவ்வாழ்க்கையையே ஈண்டு உரைக்கப் புகுந்தோம்.

ரெவீரின் தந்தையார் பிரெஞ்சு நாட்டினர். அப்பொல்லோஸ் ரிவுவார் என்பது அவரது இயற்பெயர். பிரெஞ்சு நாட்டில் புராட்டஸ்தாந்தர் துன்புறுத்தப்பட்ட காலத்தில், 13 வயதுச் சிறுவராய்த் தமியராகக் கடல் கடந்து போஸ்டன் நகர் அடைந்து, ஜான் கோனி என்னும் வெள்ளி வேலைக்காரரிடம் தொழில் பயின்றார். அந்நகரத்தார் நாவிற்கு அவர் பெயர் எளிதில் வாராமையால் அதனைப் பால் ரெவீர் என்று திருத்திக்கொண்டார். டெபோரா ஹிச்போர்ன் என்னும் நங்கையை மணந்து அவர் பெற்ற மகனுக்கும் அப்பெயரே வழங்கிற்று. நம் வரலாற்றுத் தலைவராகிய அம்மகன், இக்கால நாட்கணக்கின்படி, 1735-ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாள் ஞானஸ்நானம் பெற்றார்.

இளம் பருவத்தில் அவர் தந்தையின் பட்டறையிலேயே தொழில் பயின்றார். அக்காலத்து நிகழ்ச்சி ஒன்று எமக்கு மிக இனிதாய்த் தோன்றுகின்றது. அவருக்கு ஏறத்தாழ 15 வயதாயிருந்தபோது, அவரும் தோழர் சிலரும் ஒன்றுகூடிக் கிறிஸ்து ஆலயக் கோபுரத்து மணிகளை முறைப்படி அடித்துவர உடன்படிக்கை எழுதிக் கையொப்பமிட்டனர். பிற்காலத்தில் இரண்டு லாந்தர்கள் தொங்கியது அக்கோபுரத்திலேயேயாம். மணியடித்த அச்சிறுவரே முதுமையில் மணி வார்ப்பவராயினார் என்பதையும் பின்னர்க் காண்போம்.

1754-ஆம் ஆண்டு தந்தையார் இறந்தார். மகனுக்கு அப்போது வயது 19. அஃது எம் வயதே ஆதலின் இவ்விடத்தில் சற்று நின்றோம். யாம் தேர்வுக்கு அஞ்சி நூல்களைப் புரட்டும் வயதில், அவர் விதவைத் தாயையும் இளைய உடன்பிறந்தாரையும் காக்கும் பொறுப்பை ஏற்றார். 21 வயது நிரம்பாமையால் கடையைத் தம் பெயரில் நடத்தச் சட்டம் இடங்கொடுக்கவில்லை. தாயாரின் பெயரால் கடை நடக்க, மகனார் சுத்தியல் பிடித்தார். 1756-இல், இங்கிலாந்திற்கும் பிரான்சிற்கும் நிகழ்ந்த போரில், பீரங்கிப் படையின் இரண்டாம் லெப்டினென்டாகச் சேர்ந்து ஜார்ஜ் ஏரிக் கரைக்குச் சென்றார். பெரும்போர் எதனையும் காணாமல் அவ்வாண்டிறுதியில் வீடு திரும்பினார். மறு ஆண்டு சாரா ஓர்ன் என்பாரை மணந்தார்.

இல்லறம் விரைவிற் பெருகிற்று. சாரா அம்மையார் எட்டு மக்களைப் பெற்று 1773-ஆம் ஆண்டு மே மாதத்தில் மறைந்தார். ஐந்து திங்கள் கழிந்தபின் ரெவீர் ரேச்சல் வாக்கர் என்பாரை மணந்தார்; அவரும் எட்டு மக்களைப் பெற்றார். மனைவி மறைந்த ஆண்டிலேயே மறுமணமா எனச் சிலர் முகஞ் சுளித்தல் கூடும். தாயிழந்த குழந்தைகளும் முதிய அன்னையாரும் ஓய்வொழிச்சலற்ற பட்டறையும் ஒரு கூரையின்கீழ் இருந்ததை எண்ணுவார் அவரைக் குறை கூறார். பதினாறு மக்களுள் ஐவர் இளமையிலேயே இறந்தனர். பதினொருவர் வளர்ந்து ஆளாயினர். பேரப்பிள்ளைகளோ ஐம்பதின்மருக்கும் மேற்பட்டனர்.

இத்துணை வாய்களுக்கும் உணவளிக்க ஒரு தொழில் போதுவதாயில்லை. 1765-இல் முத்திரைச் சட்டத்தாலும் வாணிக மந்தத்தாலும் வெள்ளி வாங்குவார் அருகினர். கடனுக்காக அவர் உடைமையே பறிபோகும் நிலை வந்தது. அவர் சோர்ந்து அமர்ந்தாரல்லர். செப்புத் தகட்டிற் சித்திரம் வெட்டக் கற்றார். 1768 முதல் பொய்ப்பல் கட்டும் தொழிலையும் மேற்கொண்டார். வெள்ளிக் கம்பியை இழைத்துப் பழகிய விரல்களுக்குப் பல்லைக் கம்பியாற் பிணித்தல் அரிதன்று போலும்.

அவ்வாண்டிலேயே ஜான் சிங்கிள்டன் கோப்ளி என்னும் ஓவியர் அவர் உருவத்தைத் தீட்டினார். செல்வர்கள் பட்டும் சரிகையும் பூண்டு ஓவியத்திற்கு அமரும் காலம் அது. ரெவீரோ மேற்சட்டையின்றி, உட்சட்டைக் கையோடு, ஒரு கையில் வெள்ளித் தேநீர்க் கூஜாவைப் பற்றி, மற்றொரு கையை மோவாயில் ஊன்றி நம்மை நோக்குகின்றார். மேசைமீது சித்திரம் வெட்டும் உளிகள் கிடக்கின்றன. போஸ்டனில் 1940-இல் நாட்டப்பெற்ற குதிரைவீரர் சிலையைக் காட்டிலும் இவ்வோவியமே அவரை உள்ளவாறு காட்டுகின்றது என்பது எம் கருத்து. கையுழைப்பால் வாழ்வாரை அந்நகரத்தார் மெக்கானிக் என வழங்கினர். நம் பழந்தமிழ்ச் சொல்லாற் கூறின் கம்மியர் எனலாம்.

அவர்பால் குறையே இல்லை என்று கூற யாம் முற்படவில்லை. 1770-ஆம் ஆண்டு மார்ச்சு 5-ஆம் நாள் போஸ்டன் தெருவில் ஆங்கிலப் போர்வீரர் சுட்டதில் ஐவர் மாண்டனர். அந்நிகழ்ச்சியைக் காட்டும் படம் ஒன்றைச் செம்பில் வெட்டி ரெவீர் விற்றார். அது நாடெங்கும் பரவி மக்களைக் கொதித்தெழச் செய்தது. அப்படத்தை முதலில் வரைந்தவரோ கோப்ளியின் தாய்வழித் தம்பியாகிய ஹென்றி பெல்ஹாம். தம் உழைப்பைப் பிறர் கொள்ளைகொண்டார் எனப் பெல்ஹாம் மனம் நொந்து ரெவீருக்கே கடிதம் எழுதினார். அக்காலத்தில் ஒருவர் படத்தை மற்றொருவர் எடுத்து வெட்டுதல் வழக்கமே எனச் சிலர் கூறுவர். வழக்கமாயினும் அது நன்றன்று.

இதற்கிடையில் குடியேற்ற நாடுகளுக்கும் ஆங்கில அரசுக்கும் பிணக்கு முற்றியது. 1773 டிசம்பர் 16-ஆம் நாள் இரவில் தேயிலைப் பெட்டிகளைக் கடலில் எறிந்த கூட்டத்தில் ரெவீரும் இருந்தார். உடனே அச்செய்தியைச் சுமந்து குதிரையேறி நியூயார்க் சென்றார். ஆகவே புகழ்பெற்ற சவாரி அவருடைய முதற் சவாரியன்று. 1774-இல் பிலடெல்பியாவுக்கும் போர்ட்ஸ்மவுத்துக்கும் செய்தி கொண்டுசென்றவரும் அவரே. கம்மியர் ஏறத்தாழ முப்பதின்மர் அவர் தலைமையில் ஒரு குழுவாய் இணைந்து, இரவுதோறும் இருவர் இருவராக வீதிகளில் உலவி, ஆங்கிலப் படையின் நடமாட்டத்தை ஒற்றறிந்து வந்தனர்.

1775 ஏப்ரல் 18-ஆம் நாள் இரவு, படை ஆற்றைக் கடந்து புறப்படுவதை அறிந்த மருத்துவர் ஜோசப் வாரன், ரெவீரையும் வில்லியம் டாஸ் என்பவரையும் வெவ்வேறு வழியாக லெக்ஸிங்டனுக்கு விடுத்தார். படை நீர்வழியாகச் செல்லின் இரண்டு லாந்தர்கள் என்பது, ஆற்றின் அக்கரையிலுள்ள சார்ல்ஸ்டவுன் நண்பர்களுக்கு ரெவீர் முன்னரே செய்துவைத்த ஏற்பாடு. விளக்குகளை அவர் எதிர்நோக்கி நின்றாரல்லர். அக்கரையோர் காணும்பொருட்டே ஏற்றச் செய்தார். நண்பர் இருவர் படகு தள்ள, சோமர்செட் என்னும் ஆங்கிலப் போர்க்கப்பலின் அருகே ஆற்றைக் கடந்து, இரவல் குதிரையேறி, வழிநெடுக மக்களை எழுப்பி, லெக்ஸிங்டனில் ஜான் ஹான்காக்குக்கும் சாமுவேல் ஆடம்ஸுக்கும் செய்தி உரைத்தார். அங்கிருந்து டாஸும் இளமருத்துவர் சாமுவேல் பிரெஸ்காட்டும் உடன்வரக் கன்கார்டு நோக்கிச் செல்லுகையில் ஆங்கிலக் குதிரைவீரர் மறித்தனர். ரெவீர் பிடிபட்டார், தப்பிச்சென்று கன்கார்டை அடைந்தவர் பிரெஸ்காட்டே. குதிரையைப் பறிகொடுத்த ரெவீர் கால்நடையாய் லெக்ஸிங்டன் திரும்பினார். விடியலில் போரின் முதல் வெடி முழங்கியபோது, ஹான்காக்கின் தாள்கள் நிறைந்த பெட்டி ஒன்றை மற்றொருவரோடு தூக்கிச்சென்று கொண்டிருந்தார். இதுவே அவ்விரவின் கதை.

வீட்டில் நிகழ்ந்ததைக் கதை கூறுவோர் பெரும்பாலும் கூறார். ரெவீர் இனிப் போஸ்டனுக்குள் நுழைதல் இயலாது, நுழையின் தூக்குமரமே. ரேச்சல் அம்மையார் கைக்குழந்தையோடும் மற்ற மக்களோடும் முற்றுகையுண்ட நகரில் தனித்திருந்தார். கணவர் கையிற் பணமின்றி வருந்துவாரென 125 பவுன் திரட்டி, ஒரு சிறு கடிதத்தோடு, தேசபக்தர் எனப் பேர்பெற்ற மருத்துவர் பெஞ்சமின் சர்ச் என்பாரிடம் கொடுத்தனுப்பினார். சர்ச்சோ ஆங்கிலத் தளபதி கேஜின் ஒற்றர். அக்கடிதம் பல்லாண்டுகள் கழிந்தபின் கேஜின் தாள்களிடையே கண்டெடுக்கப்பட்டது. பின்னர் அம்மையார் மக்களோடு ஊரைவிட்டு வெளியேறிக் கணவரை அடைய, மூத்த மகன் பால் 15 வயதினனாய் வீட்டையும் பட்டறையையும் காத்து நகருக்குள்ளேயே தங்கினான். போர்வீரர் புகழில் இவர்களுக்கும் பங்குண்டு.

அச்சவாரிக்கு விடுத்த நண்பர் வாரன் இரண்டு திங்களில் பங்கர் குன்றுப் போரில் வீழ்ந்தார். 1776-இல் ஆங்கிலேயர் நகரை நீத்தபின் புதைகுழியைத் தோண்டினர், உடல் உருத்தெரியாதிருந்தது. தாம் கம்பியிட்டுக் கட்டிய பொய்ப்பல்லைக் கண்டு, அது வாரனே என ரெவீர் அறிவித்தார். அடுத்த ஆண்டு பிறந்த மகனுக்கு ஜோசப் வாரன் எனப் பெயரிட்டார்.

இனி அவர் வாழ்வில் இருள்சூழ்ந்த பகுதிக்கு வருகின்றோம். போர்த்தொடக்கத்தில் அவர் நாட்டிற்குப் பணத்தாள் அச்சிட்டார். பிலடெல்பியாவில் வெடிமருந்து ஆலையை ஒருமுறை சுற்றிப் பார்க்க மட்டும் இசைவு பெற்று, அவ்வளவிலேயே தொழிலை அறிந்துவந்து, தம் மாநிலத்தில் ஆலை நிறுவ உதவினார். பெரும்படையில் பதவி கிடைக்காமல், மாசச்சூசெட்ஸ் பீரங்கிப் படையில் லெப்டினென்ட் கர்னலாய்த் துறைமுகக் கோட்டையைக் காத்துவந்தார். 1779-இல் பெனாப்ஸ்காட் விரிகுடாவில் ஆங்கிலேயர் கோட்டை கட்டத் தொடங்கினர் எனக் கேட்டு, நாற்பது கப்பல்கள் கொண்ட படை ஒன்று புறப்பட்டது. கடற்படைக்கு டட்லி சால்டன்ஸ்டால், தரைப்படைக்கு ஜெனரல் சாலமன் லவல், அவருக்கு அடுத்தவர் பெலெக் வாட்ஸ்வர்த், பீரங்கிகளுக்கு ரெவீர். கடற்றலைவர் முதலில் தாக்குக என்று தரைத்தலைவரும், தரைத்தலைவர் முதலில் தாக்குக என்று கடற்றலைவரும் வாதாடிக் காலம் போக்கினர். ஆகஸ்டு 13-ஆம் நாள் ஆங்கிலப் போர்க்கப்பல்கள் வந்து தோன்றின. அமெரிக்கக் கப்பல்கள் ஆற்றுவழியே மேலேறி ஓடின. பலவற்றை அவர்களே எரித்தனர். ஒன்றேனும் மீண்டிலது. வீரர்கள் காட்டுவழியே பட்டினியோடு நடந்து ஊர் சேர்ந்தனர். 1941-இல் பேர்ல் துறைமுகம் தாக்கப்படும்வரை அமெரிக்கக் கடற்படைக்கு இதனினும் பெரிய அழிவு நேர்ந்ததில்லை என்பர்.

இக்குழப்பத்தில் ஆங்கிலக் கப்பல்களை நோக்கி ஒரு சிறு கப்பல் நீரோட்டத்தால் ஈர்க்கப்பட்டது. அதிலுள்ளாரை மீட்க ரெவீரின் படகைத் தருக என வாட்ஸ்வர்த் கட்டளையிட்டார். முற்றுகை முடிந்தது, இனி நீர் எனக்குக் கட்டளையிடும் உரிமையுடையீரல்லீர் என்னும் பொருள்பட ரெவீர் மறுத்தார் என்பது வாட்ஸ்வர்த்தின் சாட்சியம். சிறை செய்வேன் என அவர் அச்சுறுத்தும் அளவிற்குச் சென்றது. ரெவீர் பின்னர்த் தம் வீரரைத் தேடித் திரட்டிப் போஸ்டன் திரும்பினார். அங்கே, கட்டளைக்குக் கீழ்ப்படியாதவர், இசைவின்றிக் களம் நீங்கியவர் என அவர்மீது குற்றம் சாட்டப்பட்டது. சாட்டியவர் அவரோடு சென்ற கப்பற் படைவீரர் தலைவர் ஒருவர். 1779 செப்டம்பரில் பதவி நீங்கி வீட்டில் அடைபட்டிருக்குமாறு ஆணை வந்தது.

படகு குறித்த சொற்களை யாம் நியாயமென ஏற்கமாட்டோம்; பிறர் உயிர் மிதந்து செல்லும்போது அதிகார வரம்பு பேசுதல் தகாது. ஆயினும் அதன்பின் அவர் செய்தது எம் நெஞ்சைத் தொடுகின்றது. விசாரணைக் குழுவின் முடிவு அவரைத் தெளிவாகத் தண்டிக்கவுமில்லை, விடுவிக்கவுமில்லை. பலர் அவ்வளவில் அமைந்திருப்பர். காலம் மறக்கச் செய்யும் என விட்டிருப்பர். அவரோ தம்மை முறையான இராணுவ நீதிமன்றத்தில் நிறுத்துமாறு மீண்டும் மீண்டும் மனுச் செய்தார். கோழை எனத் தெருவார் கூறும் வீட்டில் மக்கள் எங்ஙனம் வளர்வர்? தந்தை பெயரையே மகனும் தாங்கிய குடும்பம் அது. அப்பெயரைப் பொறித்தே வெள்ளிக் கலங்கள் விற்றன. இரண்டாண்டுகளுக்கு மேல் விடாது வேண்டிய பின்னர், 1782 பிப்ரவரியில் நீதிமன்றம் கூடிற்று. படை முழுதும் சிதறிக் குழம்பிய நிலையில் ஒழுங்கான கட்டளை எதுவும் பிறத்தற்கு வழியில்லை எனக் கண்டு, மற்றத் தலைவர்க்கு ஒப்ப அவரையும் மானத்தோடு விடுவித்தது.

போர் முடிந்தபோது அவருக்கு வயது 48. பலர் ஓய்வை நாடும் வயதில் அவர் மறுபடியும் மாணாக்கரானார். இரும்புச் சாமான் கடை வைத்தார். வெள்ளிப் பட்டறையை மகன் பாலிடம் விட்டார். 1788-இல் வார்ப்படச் சாலை அமைத்து அடுப்புகளும் கப்பற் கருவிகளும் வார்த்தார். 1792-இல் தாம் தொழும் ஆலயத்து மணி உடைந்தபோது அதனைத் தாமே வார்ப்பதாக ஏற்றார். அம்மணியின் ஓசை கரகரத்தது என்று கேட்டோர் எழுதிவைத்தனர். நான்கு பங்கு செம்பும் ஒரு பங்கு வெள்ளீயமுமாகக் கலக்கும் வெண்கலத்தில், வார்ப்பின் கனம் சிறிது பிசகினும் ஓசை கெடும். அவர் நாணவில்லை, அடுத்த மணியை வார்த்தார். அதற்கடுத்ததையும் வார்த்தார். அவரும் மகனாரும் நடத்திய சாலையினின்று வெளிவந்த மணிகள் நானூற்றை அணுகின. 1816-இல் அச்சாலை வார்த்த போஸ்டன் கிங்ஸ் சாப்பல் மணி இன்றும் ஒலிக்கின்றது. நம் நாட்டில் பொற்கொல்லர், கன்னார், கருங்கொல்லர் என மூவகுப்பார் செய்யும் தொழிலை ஒருவரே செய்தார் எனின் மிகையாகாது.

1795-இல் மாசச்சூசெட்ஸ் கம்மியர் தருமச் சங்கம் தோன்றியபோது அதன் முதற் றலைவராயினார். தொழில் பயிலும் பிள்ளைகளை ஒழுங்குறப் பயிற்றுவதும், துன்புற்ற தொழிலாளர் குடும்பங்களுக்கு உதவுவதும் அச்சங்கத்தின் நோக்கங்கள்.

அவர் செய்த மிகப் பெரிய துணிவு குதிரையேறியதன்று. செம்புத் தகடு உருட்டியதே. மரக்கப்பலின் அடிப்பாகத்தைக் கடற்புழு துளைக்கும். பாசியும் சிப்பியும் பற்றி வேகத்தைக் குறைக்கும். அதனைத் தடுக்கச் செம்புத் தகடு போர்த்தல் வேண்டும். அத்தகட்டிற்கு அமெரிக்கர் இங்கிலாந்தையே நம்பியிருந்தனர். பழுக்கக் காய்ச்சிய செம்பை இரும்பு உருளைகளிடையே பலமுறை செலுத்தி மெல்லிய தகடாக்கும் வித்தையை ஆங்கிலேயர் எளிதிற் கற்பியார். ரெவீர் 65 வயது கடந்தபின், 1801-இல், கான்டன் என்னும் ஊரில், முன்னாளில் வெடிமருந்து ஆலை இருந்த நீர்க்கரையிலேயே, நீர்விசையால் இயங்கும் ஆலையை நிறுவினார். தம் கைப்பொருள் 25,000 டாலரும் அரசாங்கக் கடன் 10,000 டாலரும் அதில் இட்டார். தவறியிருப்பின் முதுமையில் வீடும் மக்களும் தெருவில் நின்றிருத்தல் வேண்டும். தவறவில்லை. 1802-இல் மாசச்சூசெட்ஸ் அரசாங்க மாளிகையின் குவிமாடத்தையும், 1803-இல் கான்ஸ்டிடியூஷன் என்னும் போர்க்கப்பலின் அடிப்பாகத்தையும் அவர் தகடுகள் போர்த்தன. ராபர்ட் புல்டனின் நீராவிப் படகுகளின் கொதிகலங்களுக்கும் அவர் ஆலையே செம்பு அளித்தது.

பழைய போர்வீரரை அவர் மறந்தாரல்லர். ஆண்வேடம் பூண்டு விடுதலைப் போரிற் பொருத டெபோரா சாம்சன் என்னும் பெண்மணி பிற்காலத்தில் நோயாலும் வறுமையாலும் வாடினார். 1804-இல் ரெவீர் அவர் நிலையை நேரிற் கண்டறிந்து, நாட்டுப்பேரவை உறுப்பினர் ஒருவருக்கு அவர் பொருட்டுக் கடிதம் எழுதினார். மறு ஆண்டு அப்பெண்மணிக்குத் திங்கள் 4 டாலர் உபகாரச் சம்பளம் கிடைத்தது. களத்தில் தாம் செய்ததற்குச் சான்று தேடி ஈராண்டுகள் அலைந்தவர், மற்றொருவர்க்குத் தாமே சான்றானார்.

1811-இல் தொழிலை மகன் ஜோசப் வாரன் முதலியோரிடம் ஒப்புவித்து ஓய்வுற்றார். 1813-இல் மூத்த மகன் பாலும் மனைவி ரேச்சலும் ஒருவர்பின் ஒருவராய் மறைந்தனர். 40 ஆண்டுகள் இல்லம் காத்த துணையையும், 15 வயதிற் பட்டறை காத்த மகனையும் ஓராண்டில் இழந்த முதியவர், அதற்கடுத்த ஆண்டு, ஆங்கிலேயருடன் மீண்டும் போர் மூண்டு போஸ்டனுக்கு அச்சம் நேர்ந்தபோது, கோட்டை கட்ட உடலுழைப்பு நல்குவதாக முன்வந்த கம்மியருள் ஒருவராய்த் தம் பெயரையும் எழுதினார். 1818 மே 10-ஆம் நாள் உயிர் நீத்தார். அவருக்குப்பின் எஞ்சியிருந்த மக்கள் ஐவர். போஸ்டன் கிரானரி இடுகாட்டில் அவர் உடல் அடங்கியுள்ளது.

அப்போது அவரைப் போஸ்டன் நகரத்தார் மதிப்பிற்குரிய தொழிலதிபராகவே அறிந்திருந்தனர். குதிரைச் சவாரியை அறிந்தார் சிலரே. அவர் இறந்து 42 ஆண்டுகள் கழிந்தபின், 1861 ஜனவரியில் வெளிவந்த ஒரு செய்யுளே உலகெங்கும் அவர் பெயரைப் பரப்பிற்று. அதில் டாஸும் இல்லை, பிரெஸ்காட்டும் இல்லை, பிடிபட்ட செய்தியுமில்லை. அதனை இயற்றியவர் ஹென்றி வாட்ஸ்வர்த் லாங்ஃபெல்லோ. பெனாப்ஸ்காட்டில் படகு தருமாறு கட்டளையிட்டு, ரெவீரைச் சிறை செய்வேன் என்று சினந்த பெலெக் வாட்ஸ்வர்த்தின் மகள் வயிற்றுப் பேரர் அவர்.